மாமாவின் தோளில் ஒரு கறுப்புப் புள்ளி

நான் கோலாலம்பூரில் அணுகுண்டு செய்கிறேன் என்று எங்கள் தோட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது. நான் அதை மறுத்ததே இல்லை. லாபுவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்களின் லயத்து வீடு ஒன்றில் பிறந்தவன். பரீட்சையில் நான் தேறியதை என் ஆசிரியர்களே இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் நம்பினார்கள். அப்படிப்பட்டவனுக்கு அணுகுண்டு செய்கிறவன் என்ற பெயர் தானாக வந்து அமைந்தால், அதை எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

உண்மை இதைவிடச் சின்னது. தலைநகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், கதிர்வீச்சுள்ள மருந்தை ஊசி மூலம் உடம்புக்குள் செலுத்தி, அது போய்த் தங்கும் இடங்களைப் படம் பிடிக்கும் பிரிவில் நான் வேலை செய்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் நோயாளிகளை வண்டியில் வைத்துத் தள்ளுகிற ஆளாகத்தான் சேர்ந்தேன். தமிழ், மலாய், ஆங்கிலம், கொஞ்சம் சீனம் என்று நான்கு மொழிகளையும் ஒரே அளவு தப்பாகப் பேசுவேன். அதனால் எந்த நோயாளிக்கும் என்னிடம் கூச்சம் வராது. அதைக் கவனித்த யாரோ என்னை அந்தப் பிரிவுக்கு இழுத்து, பயிற்சியும் கொடுத்து, கேமரா ஓட்டுகிறவனாக ஆக்கிவிட்டார்கள். ஆளுயரக் கேமரா. முதன்முதலாக அதன் பொத்தானை நான் அழுத்தியபோது, நம்புங்கள், உட்காரக்கூடத் தோன்றவில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தேன்.

வாரம் ஒரு முறை ஈயக் கவசம் போட்ட சின்னப் பானை ஒன்று விமானத்தில் வந்து இறங்கும். அதற்குள் இருக்கும் பொருள் ஓயாமல் சிதைந்து வேறொன்றாக மாறிக்கொண்டிருக்கும். அந்த வேறொன்றுதான் எங்களுக்கு வேண்டிய மருந்துக்கு மூலம். விடிந்ததும் உப்புநீரை உள்ளே விட்டு அதை இழுத்து எடுப்போம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதைப் பால் கறப்பது என்பார்கள். திங்கட்கிழமை தாராளமாகச் சுரக்கும். வெள்ளிக்கிழமை இலையுதிர்ந்த காலத்து ரப்பர் மரம் மாதிரி முனகிக்கொண்டு கொஞ்சம் தரும். அப்பா, அம்மா, அக்கா எல்லாரும் விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்கள். நானும் விடியற்காலையில் பால் எடுக்கத்தான் போனேன். என்ன, என் காலில் அட்டை கடிக்கவில்லை.

எலும்புப் படம்தான் எனக்குப் பிடித்தது. முன்பெல்லாம் வெளிநாடுகளில் அதற்குக் கதிர் ஏற்றிய ஃபுளோரைடைப் பயன்படுத்தினார்கள் என்று எங்கள் பிரிவுக்குத் தலைமையான டாக்டரம்மா சொல்வார். எலும்புக்கு ஃபுளோரைடு என்றால் அவ்வளவு ஆசை. ஊசி போட்ட சிறிது நேரத்திலேயே வாரி இழுத்துக்கொள்ளுமாம். படமும் அத்தனை தெளிவாக வருமாம். ஆனால் அதன் வீரியம் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே பாதியாகிவிடும். அதைச் செய்கிற எந்திரம் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தால்தான் சரிப்படும். எங்களுக்குக் கடல் தாண்டி வர வேண்டுமென்றால் வெறும் புட்டிதான் வந்து சேரும். அதனால் நாங்கள் காலையில் கறந்த பாலை ஒரு பாஸ்பேட்டில் சேர்த்து ஊசியாக்கினோம். எலும்பு அதையும் விரும்பி இழுக்கும். புற்றுநோய் பரவிய இடமோ, முறிவோ, தேய்மானமோ இருந்தால் அங்கே இன்னும் கூடுதலாக இழுத்து, படத்தில் கறுப்பாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் அந்தக் கேமராவின் கீழ் வந்து படுத்தவர் என் அக்காவின் கணவர்.

மாமா எங்கள் தோட்டத்தில் மண்டோர். பால் வெட்டுக்காரர்களை மேய்க்கிறவர். பள்ளி விடுமுறையில் என்னை மரத்தடியில் நிறுத்தி உளியைக் கொடுத்துப் பார்த்தவரும் அவர்தான். மூன்று நாளில் நான் காயப்படுத்திய மரங்களை எண்ணிவிட்டு, "டேய் மச்சான், நீ வெட்டுறது பால் இல்லடா, விறகு" என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் அறிவித்தார். அதன் பிறகு எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் என்னை "விறகுக்காரா" என்றுதான் கூப்பிடுவார். நான் கோலாலம்பூரில் வெள்ளைக் கோட்டு போட்ட பிறகும் அது மாறவில்லை.

அவருக்குச் சிறுநீர் போவதில் கஷ்டம். ஒரு வருஷம் மறைத்தார். அக்கா சண்டை போட்டுப் பக்கத்து ஊரான சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். சோதித்ததில் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பியில் புற்றுநோய் என்று வந்தது. அங்கிருந்த சர்ஜன் அக்காவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். நோய் சுரப்பியோடு நின்றிருந்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. எலும்புக்குப் போயிருந்தால் ஆபரேஷனால் பயன் இல்லை. வலிக்கு மருந்து கொடுத்து நாளைத் தள்ள வேண்டியதுதான். எது என்பதை எலும்புப் படம்தான் சொல்லும்.

மாமா வர மாட்டேன் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மோட்டார் சைக்கிளில் லாபுவுக்குப் போனேன். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தோளில் வழக்கமான துண்டு. அவரும் துண்டும் சேர்ந்தேதான் பிறந்திருக்க வேண்டும். பிள்ளைகள் கல்யாணத்துப் போட்டோவில்கூட சட்டைக்கு மேல் அது கிடக்கும்.

"வாடா விறகுக்காரா. அணுகுண்ட எனக்கே வைக்க வந்தியா?"

"ஊசி மாமா. ஒரே ஒரு ஊசி."

"அந்த ஊசி போட்டா இருட்டுல ஒடம்பு மின்னும்னு தோட்டத்து ஆபீஸ் கிராணி சொல்றான்."

"மின்னினா நல்லதுதானே மாமா. கரண்ட் இல்லாத அன்னிக்கு அக்கா சமைக்க வசதி."

அக்கா உள்ளேயிருந்து, "நீ ஒருத்தன், நேரங்காலம் தெரியாம" என்று கத்தினாள். ஆனால் மாமா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று நான் அவசரப்பட்டேன்.

"மாமா, மரத்துக்கு பாஸ்பேட் உரம் போடுறீங்கல்ல. வேர் அதத் தேடி இழுக்குதா?"

"இழுக்கும். அதுக்கென்ன?"

"இதுவும் பாஸ்பேட்தான். எலும்பு இழுக்கும். எங்க ரொம்ப இழுக்குதுன்னு நாங்க வெளியில இருந்து பாப்போம். அவ்ளோதான் லா."

மாமா துண்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். "ரொம்ப இழுத்துச்சுன்னா?"

அக்கா வாசலுக்கு வந்து நின்று, "இழுக்காது. வெள்ளிக்கிழம வராரு. நான் கூட்டிட்டு வரேன்" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. தோட்டத்தில் அத்தனை பேரை மேய்க்கிற மண்டோரை மேய்க்கிற மண்டோர் என் அக்கா.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு எங்கள் பானை வார இறுதிச் சோம்பலில் இருந்தது. அதைக் கெஞ்சிக் கறந்து மாமாவுக்கான ஊசியை நானே தயார் செய்தேன். போட்டது டாக்டரம்மா. மருந்து எலும்பில் போய்த் தங்க மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். எலும்புக்குப் போகாத மருந்தெல்லாம் சிறுநீரில்தான் வெளியே வரும். படுப்பதற்கு முன் சிறுநீரை முழுக்கக் கழித்துவிட வேண்டும், இல்லையென்றால் நிறைந்த பை இடுப்பெலும்பை மறைத்துவிடும். இதையெல்லாம் நான் நான்கு மொழிகளிலும் தினமும் ஒப்பிப்பவன். மாமாவுக்கும் ஒப்பித்தேன். மண்டோர் அல்லவா, கட்டளை என்றால் கட்டளைதான். அக்கா கொண்டு வந்த மூன்று போத்தல் தண்ணீரையும் வரிசையாகக் காலி செய்தார்.

என் ஒப்பிப்பில் இன்னொரு வரியும் உண்டு. கேமராவுக்கு முன் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கடிகாரம், இடுப்பு வார், சட்டை, எல்லாம். ஆஸ்பத்திரி அங்கி மட்டும்தான். யார் வந்தாலும் நான் இதில் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு முறை ஓர் உயர் அதிகாரி டை கட்டிக்கொண்டு படுக்கப் பார்த்தார். அவரையே கழற்ற வைத்தேன். அந்தக் கதையை நான் பலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மாமா கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து அங்கியை மாட்டிக்கொண்டார். முதுகுப் பக்கம் திறந்து கிடக்கிற அங்கி. ஐம்பது பேர் முன்னால் அதட்டிப் பேசிய மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். வலது தோளில் துண்டு.

"மாமா, துண்டு."

"டேய், பின்னால பூரா காத்து வாங்குது. இதயாச்சும் உட்றா."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மாமாவிடம் அதுவரை ஒரு சண்டையில்கூட ஜெயித்ததில்லை. அன்று ஜெயிக்க மனசும் வரவில்லை. துணிதானே, படத்தில் தெரியாது என்று விட்டுவிட்டேன். உயர் அதிகாரியின் டையைக் கழற்றிய வீரன் இவன்தான் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கேமரா அவருக்கு மேல் இறங்கியது. புழுதியில் தூறல் விழுவது மாதிரி திரையில் ஒவ்வொரு புள்ளியாக விழுந்து விழுந்து, மெதுவாக ஓர் எலும்புக்கூடு உருவாகும். முழங்கால்கள் இரண்டும் கொஞ்சம் அடர்த்தி; வருஷக்கணக்காக மேடும் பள்ளமுமாக நடந்த கால்களின் தேய்மானம். இடுப்பு சுத்தம். முதுகெலும்பு கட்டு கட்டாக, அழகாக. எனக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. பிறகு மார்புப் பக்கம் கேமராவை நகர்த்தினேன்.

வலது தோளில் கறுப்பாக ஒரு புள்ளி.

சின்னதல்ல. காலணா அகலத்துக்கு, மை கொட்டின மாதிரி. காண்டா கம்பு தூக்கிய தோள் அது என்று முதலில் நினைத்தேன். மண்டோர் ஆவதற்கு முன் மாமா இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கும் கம்பை அந்தத் தோளில்தான் சுமந்தார். ஆனால் அதெல்லாம் இருபது வருஷக் கதை. இவ்வளவு கறுப்பாக இப்போது காட்டாது என்று எனக்கே தெரியும்.

"என்னடா சத்தத்தையே காணோம்?" என்றார் மாமா, கூரையைப் பார்த்தபடி. "நீ பேசாம இருந்தா எனக்கு பயமா இருக்குடா."

"மெஷின் ஓடும்போது பேசக் கூடாது மாமா," என்றேன். பத்து வருஷத்துக்கும் மேலாக அந்த மெஷின் ஓடும்போது பேசிக்கொண்டே இருந்தவன் நான்.

படங்களை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். என் அக்கா கணவர் என்று அவருக்குத் தெரியும். விளக்குப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். பென்சிலால் அந்தப் புள்ளியைச் சுற்றி மெல்ல ஒரு வட்டம் போட்டார். பரவியிருப்பது போலத்தான் தெரிகிறது, ஆபரேஷன் வேண்டாம் என்றுதான் சர்ஜனுக்கு எழுத வேண்டியிருக்கும் என்றார். என் தோளைத் தொட்டார். அவர் யார் தோளையும் தொடுகிற ஆள் இல்லை.

படத்தைப் படித்துச் சொல்வது என் வேலை இல்லை. எடுப்பதுதான் என் வேலை. இருந்தாலும் எடுத்தவனுக்கு ஒன்று உறுத்தியது. முன்பக்கப் படத்தில் அவ்வளவு கறுப்பாக இருந்த புள்ளி, முதுகுப் பக்கம் எடுத்ததில் சோர்ந்து போயிருந்தது. தோள்பட்டை எலும்பில் இருந்தால் முதுகுப் பக்கம்தானே நன்றாகத் தெரிய வேண்டும்?

"டாக்டர், எழுதுவதற்கு முன்னால் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். என் ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் எப்படி வெளிவந்தது என்று ஞாபகமில்லை. அவர் கடிகாரத்தைப் பார்க்காமல், எடு என்றார்.

மாமாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். புள்ளிகள் விழத் தொடங்கின. கை எலும்பு வந்தது. தோள்பட்டை வந்தது. விலா எலும்புகள் வந்தன. கறுப்புப் புள்ளியும் வந்தது. ஆனால் எலும்பில் இல்லை. தோளுக்கு மேலே, உடம்பின் கோட்டுக்கு வெளியே, தனியாகக் காற்றில் நின்றது.

காற்றில் யாருக்கும் எலும்பு கிடையாது. அப்போதுதான் திரையை விட்டுவிட்டு மனிதரைத் திரும்பிப் பார்த்தேன். துண்டு!

கதிர்வீச்சை அளக்கிற சின்னக் கருவியை எடுத்து அதன் அருகில் கொண்டுபோனேன். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விழுந்த மாதிரி கடகடவென்று கத்தியது. மாமா பதறி எழுந்து உட்கார்ந்தார்.

"என்னடா! என் துண்டுக்கா கேன்சரு?"

நான் சிரித்துக்கொண்டே அழுதேன், அல்லது அழுதுகொண்டே சிரித்தேன்; வரிசை சரியாகத் தெரியவில்லை. "மாமா, கக்கூசுல இந்தத் துண்ட என்ன பண்ணீங்க?"

மாமா வாசல் பக்கம் பார்த்தார். அக்கா இல்லை என்று உறுதியானதும் குரலைத் தாழ்த்தினார். "சொட்டுதுடா. எவ்ளோ நேரம் நின்னாலும் கடசில கொஞ்சம் கால்ல சொட்டிடுது. அப்படியே வந்து உன் மெஷின்ல ஏறினா உன் மானந்தானே போவும்? தொடச்சிட்டு வந்தேன்."

என் மானத்தைக் காப்பாற்ற! மருந்து கலந்த சிறுநீரைத் துண்டின் ஒரு முனையால் துடைத்து, ஈர முனை முன்பக்கம் தொங்க, மண்டோர் மிடுக்கோடு தோளில் போட்டுக்கொண்டு வந்து படுத்திருக்கிறார். அந்த முனையைத்தான் எங்கள் கேமரா கேன்சர் என்று காட்டியது. அதைக் கழற்ற வைக்க வேண்டியவன், கழற்ற வைக்காமல் விட்டவன், நான்.

துண்டை இடுக்கியால் பிடித்து, ஈயத் தகடு போட்ட பெட்டிக்குள் போட்டு மூடினேன். இரண்டு நாளில் அதன் வீரியம் தானாக அடங்கிவிடும். மாமாவின் தோளைச் சோப்புப் போட்டுக் கழுவி, அங்கியையும் மாற்றினேன். மறுபடி படுக்க வைத்து முன்பக்கம், முதுகுப் பக்கம், பக்கவாட்டு மூன்றையும் எடுத்தேன். தோள் வெள்ளையாக வந்தது. பிறந்த குழந்தைக்கு இருக்கிற மாதிரி ஒரு தோள்.

டாக்டரம்மாவிடம் போய்ப் புதுப் படங்களை மாட்டிவிட்டு, நடந்ததை முழுக்கச் சொன்னேன். துண்டை விட்டது என் தப்பு என்றும் சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் என் ஆங்கிலம் பிழையில்லாமல் வந்தது. திட்டினார். நியாயமான திட்டு. பிறகு பழைய படத்தை எடுத்து, தான் போட்ட பென்சில் வட்டத்தைத் தானே அழிரப்பரால் துடைத்தார். துடைத்தபடியே, "பக்கவாட்டுப் படம் கேட்க உனக்குத் தோன்றியதே, அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்" என்றார்.

இதை எழுதும்போதுகூட என் முதுகு நிமிர்கிறது. தப்பும் என்னுடையது, அதைப் பிடித்ததும் நான் என்றால், கணக்குப்படி வெறும் பூஜ்யம்தான் வர வேண்டும். ஆனால் எனக்கு அது பூஜ்யமாகத் தெரியவில்லை. நோயாளிகளின் காத்திருப்பு அறையில் அடுத்த வாரமே மூன்று மொழிகளில் ஒரு பலகை ஏறியது: தோள்துண்டு, கைக்குட்டை உட்பட எல்லாத் துணியையும் கழற்றவும். தமிழ் வரியை எழுதியது நான். எழுத்துப்பிழை இல்லாமல்.

சரி, அன்றைய கதைக்குத் திரும்பி வருகிறேன். முடிவை டாக்டர்தான் நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் சட்டம். ஆனால் கையெழுத்துப் போட்ட தாளை என்னிடமே நீட்டி, "போ, நீயே சொல்" என்றார். நடைபாதையில் அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமா, சட்டை மாட்டியிருந்தார், தோள் காலியாக. தோள் காலியாக இருந்ததும் பாதியாகிவிட்ட மாதிரி தெரிந்தார்.

வருகிற வழியில் நான்கு நகைச்சுவைகள் யோசித்து வைத்திருந்தேன். அக்கா நிமிர்ந்து பார்த்ததும் நான்கும் ஓடிவிட்டன.

"எலும்புல ஒன்னும் இல்லக்கா. எல்லாம் சுத்தமா இருக்கு. ஆபரேஷன் பண்ணலாம்னு எழுதிட்டாங்க."

அக்கா தாளை வாங்கி, படிக்கத் தெரியாத ஆங்கிலத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டாள். மாமா அவள் முதுகில் கை வைத்தார். தோட்டத்தில் மனைவியைத் தொட்டு நான் பார்த்திராத மனிதர்.

எதிர்ப் பெஞ்சில் ஒரு சீனக் கிழவரும் அவர் மகளும் என்ன ஏது என்று பார்த்தார்கள். மாமா சந்தையில் பேசிப் பழகிய தன் பாசார் மலாயில் அவர்களிடம் என்னைக் காட்டி, இந்த மெஷினை ஓட்டுகிறவன் என் மச்சான், இங்கே இவன் இல்லாமல் எதுவும் நடக்காது என்று விளக்கினார். இங்கே நான் இல்லாமல் எல்லாமே நடக்கும். ஆனால் நான் திருத்தவில்லை.

திங்கட்கிழமை சிரம்பானில் சர்ஜன் தாளைப் படித்துவிட்டு, எப்போது வந்து படுக்கிறீர்கள் என்று கேட்டாராம். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த மாசம் புது மரத் திட்டில் பால் வெட்டு ஆரம்பிக்கிறது, தோட்டத்து மேனேஜர் துரையிடம் கேட்டுவிட்டு அடுத்த மாசம் சொல்கிறேன் என்று தொடங்கினாராம்.

"துணியெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கேன் டாக்டர்," என்று அக்கா ஒரு பையைத் தூக்கி மேசைமேல் வைத்தாளாம். "இப்பவே படுக்க வைங்க."